போர்டு என்னிடம், சாவி அவனிடம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

மரண உதவிச் சங்க அலுவலகத்தின் சாவியை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். அதுதான் நடந்த அநியாயம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கதவைத் திறந்தவன் நான். பிடுங்கியவன் தலைவன் ஜீவராஜ். குற்றம்? பிரிண்டரைக் கழற்றினேனாம். ஓடாததைக் கழற்றாமல் ஓடுகிறதையா கழற்றுவார்கள்?

சரஸ்வதி பூசை, அதான் வாணி விழா, முடிந்ததிலிருந்து அதற்கு இதே வேலை. ப்ளக்கைப் போட்டால் பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், உள்ளே 'க்ர்ர்' என்னும், அணைந்துவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். கரண்ட் ஒழுங்காக வருகிறது. ஆகவே கோளாறு மெயின் போர்டில். வேறெங்கும் இருக்க முடியாது.

"படிச்சவன் யாராச்சும் பாக்கட்டும்ணே, நீங்க கீழ வைங்க" என்றான் ஜீவராஜ். நான் ரேடியோ கழற்றிய காலத்தில் அவன் பிறக்கவேயில்லை.

ஒன்றை அவன் கவனிக்கவில்லை. போர்டு என் கோட்டுக்குள் இருந்தது.

ஒக்டோபர் 8

பனி ஈரம் ஏறியிருக்கும். அடுப்புக்கு மேல், விறகு காயும் பரணில் போர்டை வைத்தேன். லெட்சுமி கத்தினாள்: "கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? கருவாட்டுக்குப் பக்கத்துல எதுக்கு இந்தப் பச்சத் தகடு? பூன தூக்கிட்டுப் போனா என்னயக் கேக்கக்கூடாது."

பூனைக்கு எலக்ட்ரொனிக் எதற்கு? ஆனாலும் பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஒக்டோபர் 9

ஜீவராஜ் ஆள் அனுப்பினான்: போர்டைக் கொடு. நான் சொல்லி அனுப்பினேன்: சாவியைக் கொடு.

ஒக்டோபர் 10

அதே.

ஒக்டோபர் 11, சனி

சங்கத்துக் கிளார்க் டோரீன் வீட்டுக்கே வந்துவிட்டாள். "நாளைக்கிக் கூட்டம் ஐயா. ஒங்கள சங்கத்த விட்டே தூக்கப் போறாங்களாம். சாவிய நான் வாங்கிட்டு வந்துட்டேன். போர்ட எடுத்துட்டு வாங்க, மெஷின்ல பூட்டிப் பாப்போம்."

போனோம். போர்டைப் பூட்டினேன். கண் சிமிட்டல், க்ர்ர், இருட்டு. புதிதாகச் சேர்ந்தது கருவாட்டு வாடை மட்டும்.

உட்கார்ந்துவிட்டேன். இனி என்ன — இந்த வயசுல வெளிய போடான்னுருவாங்களா?

டோரீன் கொண்டை ஊசியால் பிரிண்டரின் ஓன் பட்டனைக் குடைந்துகொண்டிருந்தாள். "ஐயா, இது அமுங்குனது எந்திரிக்கவே இல்லீங்க." மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. முகர்ந்தாள். "சந்தனம்."

பட்டன் துள்ளி எழும்பியது. மெஷின் முழுதாக உறுமிக் கடதாசியை இழுத்தது. இத்தனை நாளும் யாரோ விரலை எடுக்காமல் அழுத்துவதாக நினைத்து அது தானே அணைந்திருக்கிறது!

"வாணி விழாவுக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சது யாருங்கய்யா?" என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

வருஷா வருஷம் நான்தான். நெற்றி எது என்று பார்த்துத்தான் வைப்பேன். பிரிண்டருக்கு அந்தப் பட்டன்தான் நெற்றி.

"இப்பெல்லாம் சந்தனத்துல என்னத்தையோ கலக்குறானுங்க" என்றேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கூட்டத்தில் ஜீவராஜ் கேட்டான்: "என்னா கோளாறுண்ணே?"

"சுவிட்ச் சிக்கியிருந்திச்சு."

"எப்பிடி?"

நான் வாய் திறக்குமுன் டோரீன், "பனிங்க" என்றாள். எங்கள் பொகவந்தலாவை மலையில் பனி என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. டோரீனிடமிருந்து திரும்ப வாங்கியிருந்த சாவியை ஜீவராஜ் என் முன்னால் மேசைமேல் வைத்தான்.

செய்ய வேண்டியவை:

அடுத்த முறை பிரிண்டருக்குப் பொட்டு, பக்கவாட்டில் மட்டும் — கோயில் பூசாரி.

கருவாட்டு வாடை போகும்வரை ஜன்னலைத் திறந்து வைப்பது — ஜீவராஜ்.

என்னிடம் மன்னிப்புக் கேட்பது — அவனே. அவசரமில்லை, இந்த வாரத்துக்குள்.

ஹட்டனுக்குப் போய் அலுவலகத்துக்கு இன்னொரு சாவி வெட்டி டோரீனிடம் கொடுப்பது — நான்.