வாசலில் இல்லாத செருப்பு

செவ்வாய்க்கிழமை.

எங்கள் கோப்பு அறையில் இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் நகரும். கைச்சக்கரத்தைச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றாமல் தடுக்கும் பூட்டு கெட்டு வெகுநாளாகிறது. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் போகிறவர் அதன் முகப்பில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஆள் இருப்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்று ஜோகூர் பாருவிலிருந்து மேலதிகாரி வருகிறார் என்று, துப்புரவு செய்யும் கக் ரோஸ் என் செருப்பை எடுத்துக் கதவோரம் அடுக்கிவிட்டார். நான் உள்ளே குனிந்திருந்தேன். உடன் வேலை செய்யும் சாந்தி சக்கரத்தைச் சுற்றினாள். முதுகை இரும்பு அழுத்தியதும் அலறினேன்.

"அலமாக்! செருப்பு இல்லலா, யாருமில்லன்னு நெனச்சேன்க்கா," என்று அழுதாள்.

மாலையில், வீட்டு வாசலில் நான் விட்ட செருப்பை மகள் எடுத்து அடுக்கினாள். கத்திவிட்டேன். முகம் வாடித் தூங்கிப்போனாள். அவள் செய்தது நல்ல காரியம்தான். கக் ரோஸ் செய்ததும்.