ஒசேன் வைத்துவிட்டுப் போன பாட்டு

11 ஜனவரி 2025, சனி

கடைக்குப் பின்னாலிருக்கும் குடோனுக்கு இன்று ஒரு விருந்தாளி. எழுபதுகளில் செய்த மினி கம்ப்யூட்டர். மினி என்பது அந்தக் காலத்தின் அடக்கமான நகைச்சுவை. இரும்பு பீரோவைவிட ஒரு சாண் உயரம். ஆளுக்கொரு மூலை பிடித்தும் லாரியிலிருந்து இறங்க மறுத்தது.

இஷ்ரத் எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு சக்களத்தியா?"

"இவ பேசமாட்டா."

"அப்ப வெச்சிக்குங்க."

கொடுத்தவர் முதலியார்பேட்டை மதாம் சூசான். அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், அதனால் வீடு முழுக்க பிரெஞ்சுக் குடியுரிமை. கணவர் ஒசேன் (எங்கள் உசேன் இல்லை, பிரெஞ்சுக் கிறிஸ்தவப் பெயர்) ஒரு மில் அலுவலகத்தில் இந்த இயந்திரத்தை ஓட்டியவர். மில்லை மூடியபோது மற்றவர்கள் நாற்காலியும் மின்விசிறியும் எடுத்துப் போக, இவர் இதை எடுத்துவந்து கூடத்தில் சோஃபா வைக்கவேண்டிய இடத்தில் வைத்தாராம். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. மதாம் ஈஸ்டர் முடிந்ததும் மகன் லூதோவிக்கோடு இருக்க பிரான்சின் துலூஸுக்குப் போகிறார். இனி திரும்பமாட்டார்.

விலை கேட்கவில்லை. நிபந்தனை ஒன்று சொன்னார்.

"ஒரே ஒரு தடவ பாட வெய்யுங்க முசியே. கேட்டுட்டுப் போறேன்."

ஒசேன் இதன் தலையில் டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துவாராம். இயந்திரம் கணக்குப் போடும்போது எழும் மின் இரைச்சல் ரேடியோவில் கேட்கும். கணக்கின் வேகத்தை மாற்றினால் சுருதி மாறும். அப்படி ஒரு மெட்டு. அவரே கட்டியது, கல்யாணத்துக்கு முன் சூசான் வீட்டு ஜன்னலுக்குக் கீழே சைக்கிளில் போகும்போது விசிலடித்தது.

"பாட்ட ஏத்தி வெச்சிருந்த காகித நாடாவெல்லாம் கரையான் தின்னுடுச்சி. ஆனா பாட்டு உள்ளதான் இருக்கு. கடைசியா அணைக்கறப்போ சொன்னாரு, இது மறக்காதுன்னு."

"மறக்காது மதாம்" என்று நானும் சொன்னேன். நாலு புத்தகம் படித்தவனின் குரலில்.

18 ஜனவரி

பக்கவாட்டுக் கதவைத் திறந்து நினைவகப் பலகையைப் பார்த்தேன். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய காந்த வளையங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மயிரிழைக் கம்பிகள். யாரோ பெண்கள் பூதக்கண்ணாடி வைத்துக் கோத்தது. மின்சாரம் போனாலும் இதில் இருப்பது போகாது. இன்றைய கம்ப்யூட்டர்கள் இதைக் கேட்டால் வெட்கப்பட வேண்டும்.

இதற்கு ஒரு விசித்திரம் உண்டு. படிக்கும் செயலே இருப்பதை அழித்துவிடும். அதனால் இயந்திரம் படித்ததை அந்தக் கணமே திரும்ப எழுதிவைக்கும். சரியாகப் படித்தால் சரியாக எழுதும்.

27 ஜனவரி

கெபாசிட்டர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் காட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல.

பழைய கம்ப்யூட்டர்களை உயிர்ப்பிக்கும் எங்கள் வாட்ஸாப் குழுவில் கோவை வெற்றிச்செல்வன், "ஹாதி பாய், மொதல்ல உள்ள இருக்கறதப் படிச்சு எடுத்து வெச்சுக்கங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்கிறார்! போன வருடம் தன் இயந்திரத்தில் அவசரமாகச் சோதனை ஓட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தவர். அப்போது நான் குழுவில் ஒரு இரங்கற்பா போட்டேன்: 'கோவையில் காலமான நினைவகம்; கொன்றவரே தலைமை தாங்குகிறார்.' எல்லோரும் சிரித்தார்கள். அவரும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

எழுந்துவிட்டது! விசிறி சுற்றுகிறது, முகப்பில் விளக்குகள் எரிகின்றன. டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்ற சக்கரபாணி தன் சகாக்களோடு வந்திருந்தார். குழுவுக்கும் மதாமுக்கும் செல்போனில் லைவ் ஓடியது.

"ஹாதி, லைட்டு எரிஞ்சா மட்டும் போதுமா? ஆட வேணாம்? எங்க வீட்டு சீரியல் பல்பு இதவிட நல்லா எரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். விளக்குகளை ஆடவைக்க என்னிடம் காகித நாடா ஒன்று இருந்தது. ஏற்றினேன். என்ன ஆட்டம்! வலமிருந்து இடம், இடமிருந்து வலம், அலைபோல. கைதட்டினார்கள். சக்கரபாணி என் தோளைத் தட்டினார். இஷ்ரத் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள்.

இயந்திரத்தின் தீர்ப்பு: பிழை ஏதும் இல்லை.

10 பிப்ரவரி

நேற்று ஏற்றியது மெமரி டெஸ்ட். ஒவ்வொரு வளையத்திலும் இருந்ததை அழித்து ஒன்று எழுதிப் பார்க்கும், பிறகு சுழி எழுதிப் பார்க்கும். ஒன்றைக்கூட விடாது. பழுதில்லாத வேலை.

பிழை ஏதும் இல்லையாம். பிழை அதற்கு வெளியே நின்று கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

தெரியாமல் செய்தேனா? தெரியும். நாடாவின் மேல் என் கையெழுத்தில் அதன் பெயர். சீரியல் பல்பு என்று ஒருவர் சொன்னதற்காக — அவ்வளவுதான். அதற்காக.

12 பிப்ரவரி

எழுத ஒன்றும் இல்லை. உள்ளேயும்.

16 பிப்ரவரி

மதாம் போன் செய்தார். "லைவ் பாத்தேன் முசியே. ஒசேன் இருந்திருந்தா ஒங்க கையப் புடிச்சிருப்பாரு. எப்ப பாடும்?"

"கொஞ்சம் வேலை இருக்கு மதாம்."

பொய்யில்லை. இனிமேல்தான் வேலையே.

22 பிப்ரவரி

முதலியார்பேட்டை போனேன். பாதி வீடு பெட்டிக்குள் இருந்தது. ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே மெட்டை அடையாளம் காண வேண்டும், அதனால் ஒருமுறை பாடிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். தொழில்நுட்பக் காரணம்போல ஒலித்தது. என் பொய்களுக்கு எப்போதும் நல்ல இலக்கணம் உண்டு.

முனகிக் காட்டினார். முதல் பாதி தடையில்லாமல் வந்தது. பிறகு நின்றார்.

"அப்புறம் மேல போவும்… இல்ல, கீழயா?" கண்ணை மூடிக்கொண்டார். கீழே இறங்கி முடித்தார். "இப்டித்தான்னு நெனக்கிறேன். பரவால்ல, அது பாடறப்ப தெரிஞ்சிடும்."

என் சட்டைப் பையில் செல்போன் பதிவுசெய்துகொண்டிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

4 மார்ச்

மூன்றாம் நோன்பு. இஷ்ரத் மதாமுக்கு ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். "அந்தம்மாவுக்கும் நாளையிலேர்ந்து தவக்காலமாம். சூடா குடிக்கட்டும்."

தூக்கு பிஸ்கோத்து நிரம்பித் திரும்பியது. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவர் வீட்டிலும் அதே சட்டம்போல.

நான் பகலெல்லாம் பட்டினி கிடந்து அவர் பாட்டைக் கள்ளத்தனமாகச் செய்துகொண்டிருக்கிறேன். வயிறு சுருங்கினால் பொய்யும் சுருங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு

மதாம் பூசை முடிந்து ஆட்டோவில் வந்தார். வெள்ளைப் புடவை. கையில் ஒசேனின் டிரான்சிஸ்டர், இத்தனை வருடமும் துணி சுற்றி வைத்திருந்தது. அவரே இயந்திரத்தின் மேல் வைத்து, முள்ளைத் திருப்பி, சரியான இடத்தில் நிறுத்தினார். நான் சுவிட்சைத் தட்டினேன்.

பாடியது. கரகரத்த, மூக்கடைத்த குரல். முதல் பாதி. பிறகு கீழே இறங்கி முடிந்தது.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "கீழதான் முசியே. கீழதான் போவுது. நான் மறக்கல."

இன்னொரு தடவை கேட்டார். போட்டேன். செல்போனில் பதிவுசெய்து அங்கேயே லூதோவிக்குக்கு அனுப்பினார்.

இஷ்ரத் வாசலில் நின்று அவரைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தாள்.

10 மார்ச்

நோன்பு திறந்தபின் இஷ்ரத் கேட்டாள்: "அது அவரு பாட்டா?"

பேரீச்சம்பழக் கொட்டையைத் தட்டில் வைத்தேன்.

"சக்கரபாணி அண்ணன் வந்துட்டுப் போன மறுநாளே தெரியும். அன்னிக்கி பூரா நீங்க யாரையும் கிண்டல் பண்ணல."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருக்கலாம்.

15 மார்ச்

குழுவில் கொண்டாட்டம். இறந்தவரின் பாட்டு இத்தனை வருடம் காந்தத்தில் உயிரோடு இருந்ததாம். சக்கரபாணி என்னை 'சித்தர்' என்று அழைக்கிறார். நான் நன்றி சொல்லிக் கைகூப்பும் பொம்மை போட்டேன்.

வெற்றிச்செல்வன் குழுவில் எதுவும் எழுதவில்லை. தனியாக ஒரு வரி அனுப்பினார்: "பாய், லைவ்ல நீங்க ஏத்துனது மெமரி டெஸ்ட் நாடாதானுங்களே?"

நான் பதில் போடவில்லை. அவர் அதன்பிறகு கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் அவரை வெறுத்துத் தப்பித்திருப்பேன்.

19 மார்ச்

மதாமின் போன். சனிக்கிழமை ஒசேனுக்கு ஆண்டுப் பூசை. முடிந்ததும் சொந்தக்காரர்களுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டப் போகிறார். "நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும் முசியே. எப்டி காப்பாத்துனீங்கன்னு."

வருகிறேன் என்றேன். — ஏன் சொன்னேன்? என்ன பேசப்போறேன்? செத்த மனுஷன் சொத்த அழிச்சிட்டு, அவர் பொண்டாட்டி வாயிலேர்ந்து புடுங்கி, அதுக்கு மால வேற போட்டுக்கணுமா? கொன்றவரே தலைமை தாங்குகிறார். வரிகூட ஏற்கெனவே தயார். நான் எழுதியதுதான்.

21 மார்ச்

போனேன். மதாம் வராந்தாவில் பழைய ஆல்பங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. வழியெல்லாம் ஜோடித்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"உள்ள இருந்தத நான் அழிச்சிட்டேன் மதாம். நீங்க கேட்டது நான் போட்டது."

கயிற்றைக் கீழே வைத்தார்.

"எப்ப அழிச்சீங்க?"

"லைவ் காட்டின அன்னிக்கி."

"நான் பாடிக் காட்டுனேனே, அன்னிக்கி அது இல்லியா?"

"இல்ல."

 பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காக:

"அப்போ அது மேல போச்சா, கீழ போச்சா?"

"தெரியாது மதாம்."

"எனக்கும் இனிமே தெரியாது. மொதல்ல சந்தேகமாவது இருந்திச்சி. இப்ப மேல பாடிப் பாத்தா வரவே மாட்டேங்குது. ஒங்களுதுதான் வருது." ஆல்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். "என்கிட்ட வாங்கி எனக்கே குடுத்தீங்களே முசியே."

பதிவை அழித்துவிடச் சொன்னேன். லூதோவிக்கின் பிள்ளைகள் அதைப் பாடவே கற்றுக்கொண்டுவிட்டார்களாம். தாத்தா பாட்டு.

வாசல்வரை வந்தார். "நாளைக்கி வராதீங்க."

சரியாகப் படிக்காமல் திரும்ப எழுதிவிட்டேன். பாட்டு இருந்த இரண்டு இடத்திலும்: இயந்திரத்திலும், மதாமிடமும்.

22 மார்ச்

இயந்திரத்திலிருந்த என் பாட்டை அழித்தேன். அதற்கும் அதே நாடாதான்.

குழுவில் எழுதினேன், நடந்தது நடந்தபடி. பிறகு வெற்றிச்செல்வனுக்குத் தனியாக: போன வருட இரங்கற்பாவுக்கு மன்னிப்பு, எனக்கும் ஒன்று எழுதிப் போடுங்கள், கடன் தீரட்டும்.

பதில் வந்தது. "எனக்கு உங்களாட்டம் எழுத வராதுங்க பாய்."

31 மார்ச், பெருநாள்

இஷ்ரத் மதாமுக்கு பிரியாணி அனுப்பினாள், அதே தூக்கில். "உங்க சண்ட உங்களோட. இது என் தூக்கு." சாயங்காலம் திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, வெறுமனே.

இஷ்ரத் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பிறகு எதற்கோ மறுபடி திறந்து பார்த்தாள்.

12 ஏப்ரல்

இஷ்ரத் தூக்கில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த வட்டிலப்பம் வைத்து அனுப்பினாள். நான் வேண்டாம் என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

தூக்கு திரும்பவில்லை.

26 ஏப்ரல், சனி

மதாம் வியாழனன்று கிளம்பிவிட்டாராம். பக்கத்து வீட்டு கார்குழலி இன்று கடைக்கு வந்து தூக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். "இத பாய் வீட்ல குடுத்துடுன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

கனமாக இருந்தது. உள்ளே, துணியில் சுற்றி, ஒசேனின் டிரான்சிஸ்டர்.

மன்னிப்பா, விமானத்தில் எடை குறைத்ததா என்று தெரியவில்லை. இஷ்ரத்திடம் கேட்டேன். "தூக்கு வெறுமனே வரல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

4 மே, ஞாயிறு

சக்கரபாணி ஒரு நண்பரை அழைத்து வந்தார். குழுவில் நான் எழுதியதைப் படித்தபின் இன்றுதான் வருகிறார். இயந்திரத்தை ஓடவிட்டேன். மேலே ரேடியோ. வெறும் இரைச்சல், மழை பெய்வதுபோல.

புதியவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டுக் கேட்டார். "இதுல ஏதோ பாட்டு இருக்குன்னாங்களே?"

சக்கரபாணி கூரையைப் பார்த்தார்.

"இருந்திச்சி. நான் அழிச்சிட்டேன்" என்றேன்.

சக்கரபாணி நான் மேலே ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன் என்று காத்திருந்தார். சொல்லவில்லை.