சுவிட்சில் கட்டிய ரப்பர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே முக்கால்வாசி நலம், நீ அங்கே முழு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பதறாதே, பதறுவதற்கு வீட்டில் நான் ஒருத்தி போதும். பட்டறையில் உன் அக்கா வீட்டுக்காரருக்குக் கையில் அடிபட்டுவிட்டது. கட்டிங் மெஷினால் ஜன்னல் கம்பி அறுத்துக்கொண்டிருந்தவர், கரண்ட் போனதும் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கம்பிகளை அடுக்கியிருக்கிறார். அழுத்திப் பிடித்தால் விரல் வலிக்கிறதென்று சுவிட்சை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார். கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே மெஷின் சுற்றித் துள்ளியிருக்கிறது, கீழே விழாமல் பிடிக்கிறேன் என்று கையை நீட்டிவிட்டார் மனுஷன். விழுந்தால் விழட்டுமே, இரும்புதானே! இடது கையில் இரண்டு விரலுக்கு நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள். விரல் இருக்கும், மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுகிறாள், அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். சிரித்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

இனி சொல்வதைக் கோபமில்லாமல் படி. அந்த ரப்பர் வித்தையை அவருக்குக் காட்டியது நீதான். போன விடுப்பில் வந்தபோது, எங்க கம்பெனியில எல்லாரும் இப்படித்தான் கட்டுறோம் மாமா, கையே வலிக்காது என்று நீயே கட்டிக் கொடுத்தாயாம். அவன்கிட்ட சொல்லாதீங்க அத்தை, மனசு ஒடிஞ்சிடுவான் என்று மாப்பிள்ளை கெஞ்சினார். நானும் தலையாட்டினேன். ஆனால் நீ அங்கே இன்னும் அப்படித்தானே வேலை செய்கிறாய் என்று நினைத்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனசு ஒடிந்தால் ஒடியட்டும், அது தானாக ஆறும். விரல் போனால் முளைக்காது.

இதைப் படித்த கையோடு ரப்பரை அறுத்துப் போடு. பக்கத்தில் நிற்பவர்களுடையதையும் அறு, அவர்களைப் பெற்றவளும் எங்கோ என்னைப்போலத்தான் உட்கார்ந்திருப்பாள். கரண்ட் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. கை கால் சுகத்தோடு நீ நூறாண்டு இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்பாவும் நானும் கேட்பது.

மறக்காமல் மாமாவுக்கு போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவர் அழுதுவிடுவார். அறுத்துவிட்டேன் மாமா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் குரல் வரும்வரை தூங்காத
அம்மா