அஞ்சு தாச்சிக்கு ஒரு தாச்சி

கல்முனைக்குடி,
புதன்கிழமை, அஸர் தொழுத பிறகு.

அன்பின் றிபாஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கச்சி றிப்தி எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் சுகம். நீங்கள் அங்கே சுகமாக இருப்பதை அஷ்ரப் சொல்லித்தான் அறிந்தேன். பதினாறு மாதமாக உம்மாவோடு மட்டும் கதைக்கிறீர்கள். நான் போனைக் கையில் வாங்கினால் வெட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் ஒருத்தரும் செய்யாத வேலையாகக் கடதாசி எடுத்து எழுத உட்கார்ந்தேன். கடிதத்தை வெட்ட முடியாதே! கிழித்துப் போடலாம்தான். ஆனால் உம்மா தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் பார்சலோடு இதை அனுப்புகிறேன். தொதலைத் தின்றுவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு நீங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை.

லீவில் வந்த அஷ்ரப் வெள்ளிக்கிழமை திரும்பிக் கட்டாருக்கு வருகிறார். உங்கள் அறையில் ஒன்றாக இருக்கிறவர் என்பதால் அவர் சொன்னதை நம்பாமல் இருக்க முடியவில்லை. வருகிற மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு எக்ரிமென்ட் வைக்கப் போகிறீர்களாம், வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்றீர்களாம். அதைக் கேட்டதும் உம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டா. “இன்னும் ரெண்டு வருசமா? ஹுஸ்னியாட வாப்பா அதுவரைக்கும் இவனுக்கெண்டு மகள வெச்சிட்டு இரிப்பாரா?” என்று ஒரே புலம்பல். ஆகவே சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்கிறேன். காக்கா, அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். ஏன் என்று கடைசிவரை வாசித்தால் விளங்கும்.

முதலில் என் குற்றத்தைப் பேசுவோம். எனக்குக் கட்டுகிற வீட்டில் வேலை நடக்கிறதை நாளாந்தம் படம் பிடித்து அனுப்பச் சொன்னது நீங்கள். பெரிய வீடியோ போனில் போகாது, யூடியூபில் பூட்டிப் போடு, நான் மட்டும் பார்க்கலாம் என்று சொல்லித் தந்ததும் நீங்கள்தான். போன வருடம் ஜனவரியில் சுவர் எழும்பிக்கொண்டிருந்த நாள். எட்வேட் மேசன் கலவை போடுவதை நான் நின்று எண்ணினேன். மண் அள்ளுகிற இரும்புத் தாச்சியால் அஞ்சு தாச்சி மண்ணுக்கு ஒரு தாச்சி சீமெந்து என்பது பேச்சு. மனிதர் எட்டுத் தாச்சி மண் போட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடித்தபடியே கத்தினேன். “அண்ணன், எங்கட காக்கா கொதிக்கிற வெயில்ல கம்பி சுமந்து அனுப்புற சல்லி இது. மண்ணோட மண்ணாக் குழைச்சிராதீங்க!” அந்தக் கோபக் கையோடு வீடியோவை ஏற்றியபோது பூட்ட மறந்து, ஊருக்கே திறந்து விட்டுவிட்டேன்.

விடிந்து பார்த்தால் போன் அடுப்பில் வைத்த தாச்சி போலச் சூடாக இருக்கிறது. சவூதி, குவைத், துபாய், எல்லாக் கேம்பிலும் ஓடியிருக்கிறது. ஊருக்கு நீங்கள் ஏசி அறைக்குள் இருக்கிற ஸ்டோர் கீப்பர். ஹுஸ்னியா வீட்டுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தீர்கள். வெயிலில் கம்பி கட்டுகிற உண்மையை எனக்கு மட்டும் சொல்லி, ஆருக்கும் சொல்லாதே என்று வாக்கு வாங்கியிருந்தீர்கள். அந்த வாக்கை நான் உலகத்துக்கே ஒலிபெருக்கி வைத்து உடைத்துவிட்டேன். நீங்கள் ஏசியது சரி. ஒன்பது வருடம் எனக்காக வெயிலில் நின்ற மனிதரை நானே தலைகுனிய வைத்தேன். மாப்புத் தாருங்கள், காக்கா. வாயால் கேட்க நீங்கள் விடாததால் எழுத்தில் கேட்கிறேன்.

நீங்கள் சொன்ன அன்றைக்கே அந்த வீடியோவைப் பூட்டினேன். ஆனால் அதற்குக் கீழே வந்திருந்ததை எல்லாம் வாசித்தேன். ஒருத்தரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. றியாத்தில் இருக்கிற ஒருவர், “தங்கச்சி, எனக்கு மூணு குமர்ப் பிள்ளை. மூணு வீடு கட்டுறன். எங்கட மேசனும் எட்டுத்தானோ போடுறான்? எனக்கு ஆர் எண்ணிச் செல்லுவா?” என்று கேட்டிருந்தார். அதை வாசித்து நானும் உம்மாவும் அழுதோம். நம்முடைய கரையில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை, அதைக் கட்டி முடிக்காமல் காக்காமாருக்கும் கலியாணம் இல்லை. சல்லி அனுப்புகிறவன் கடலுக்கு அப்பால், கலவை குழைகிறவன் இங்கே. நடுவில் ஒரு கண் வேண்டும்தானே? இப்படியே வீடியோ எடுத்துப் போடட்டுமா என்று உம்மாவிடம் கேட்டேன். “முகம் காட்டாத, கையும் சத்தமும் போதும்” என்றா. எட்வேட் அண்ணனிடமும் போய்க் கேட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், மூன்றாம் நாள் வந்து, “ஓம் தங்கச்சி, நான் செஞ்சது பிழைதான். இனி அஞ்சுக்கு மேல ஒரு மண்ணும் விழாது. நானே காட்டித் தாறன்” என்றார். அப்படித்தான் ‘அஞ்சுக்கு ஒண்டு’ என்கிற யூடியூப் சனல் தொடங்கியது. உங்கள் அறையில் அதைப் போட்டால் நீங்கள் எழும்பி வெளியே போய்விடுவீர்களாம், அஷ்ரப் சொன்னார். ஆனால் கதவுக்கு வெளியே நின்று கேட்பீர்களாம். அதையும் சொன்னார்!

போனில் இருந்து சல்லி மழையாகக் கொட்டுகிறது என்று ஊர் நினைக்கிறது. சும்மா கதை. நாலாயிரம் மணித்தியாலம் சனம் பார்த்துத் தீர்க்கும்வரை ஒரு சதமும் இல்லை. பிறகு விளம்பரம் போட விட்டார்கள். ஆனால் கம்பனிக்காரன் தபாலில் ஒரு இலக்கம் அனுப்புவான், அதைக் கொடுத்தால்தான் சல்லி வெளியே வரும். அந்தக் கடிதம் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயருக்கு வந்திருக்கிறது. தபால்காரர் நம்முடைய வீட்டு வாசலிலேயே நின்று, “முகம்மது ஜெமீல் பாத்திமா றிப்தி ஆரு?” என்று கேட்டிருக்கிறார். வெளிநாட்டு முத்திரையைக் கண்டு, மகள் எங்கேயோ லோன் எடுத்துவிட்டாள், ஆள் தேடுகிறார்கள் என்று உம்மா பயந்து, “அப்பிடி ஒரு ஆள் இந்தத் தெருவிலயே இல்ல தம்பி” என்று அனுப்பிவிட்டா! பெற்ற மகளை இல்லை என்றுவிட்டா. அடுத்த கடிதம் வர ஒன்றரை மாதம். அந்த நாட்களில் தபால் கந்தோர் வாசலில் நான்தான் முதல் ஆள்.

இன்னொரு கூத்து. தளத்துக்குக் கொங்கிரீட் போட்ட வீடியோ நன்றாக ஓடியது. ஒரு எடுப்புக்காகப் பின்னால் ஒரு பாட்டை ஓட விட்டிருந்தேன். வந்த சல்லி முழுக்கப் பாட்டுக்காரனுக்குப் போய்விட்டது. கொங்கிரீட் எங்களுடையது, கூலி அவனுக்கு! அதற்குப் பிறகு கலவை குழைகிற சத்தம்தான் எங்கள் சங்கீதம்.

விளம்பரச் சல்லி பெரிதில்லை, காக்கா. முதல் மாதம் வந்ததில் குளியலறைக் கதவு ஒன்றுதான் வாங்க முடிந்தது. அடுத்ததாக ஹார்ட்வெயார் அப்துல் கபூர் ஹாஜியார் ஆள் அனுப்பினார். தன் கடைக் குழாய்தான் கிழக்கிலேயே திறம் என்று சொன்னால் சல்லி தருவாராம். நான் சொன்னேன், “ஹாஜியார், குழாயத் தாங்க. எட்வேட் அண்ணன் அதுக்கு மேல ஏறி நிப்பார். உடையாட்டி உடையல்ல எண்டு செல்லுவன், உடைஞ்சா உடைஞ்ச எண்டுதான் செல்லுவன். நீங்க சல்லி தந்ததையும் மறைக்க மாட்டன்.” மனிதர் இரண்டு நாள் தஸ்பீஹ் மணி உருட்டி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். எட்வேட் அண்ணனின் வயிறு உங்களுக்குத் தெரியும். குழாய் தாங்கியது, அல்ஹம்துலில்லாஹ். ஒரு கிழமையில் அவருடைய கடையில் அந்தக் குழாய் முடிந்து போனது. கூலிக்கு மேலே நம்முடைய கூரைக்கு ஓடுகளையும் வாங்கிய விலைக்கே தந்தார்.

ஆனால் உண்மையான உழைப்பு அதிலும் இல்லை. அந்த றியாத்காரர் ஒருநாள், “மகள், மாவடிப்பள்ளியில எங்கட மூத்தவட வீட்டப் பாத்துச் செல்லுவியா? கூலி தாறன்” என்று கேட்டார். உம்மாவும் எட்வேட் அண்ணனும் நானுமாகப் போனோம். அத்திவாரத்தில் சுண்டு விரல் போகிற வெடிப்பு. படம் பிடித்து அவருக்கு மட்டும் அனுப்பினேன். இந்த முறை பூட்டினேனா என்று மூன்று தரம் பார்த்தேன்! அவர் வேலையை நிறுத்தித் திருத்த வைத்தார், இன்றைக்கு அந்தப் பிள்ளை அதில் குடியிருக்கிறாள். இதுவரை இருபத்திரண்டு வீடு பார்த்தாயிற்று. உம்மா குடையோடு முன்னால் போய், “தாச்சி எங்க, காட்டுங்க” என்று கேட்டால் மேசன்மார் பீடியைப் போட்டுவிட்டு எழும்புகிறார்கள். எட்வேட் அண்ணனுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பங்கு கொடுக்கிறேன். அவருடைய மனிசி றோசா அக்கா, ஏச்சு வாங்கினாலும் இப்பிடி வாங்கணும் என்று சிரிக்கிறா.

இனி நம்முடைய வீடு. கூரை போட்டாயிற்று, காக்கா. வீடியோவில்கூட அதைக் காட்டவில்லை. உம்மா சொல்லத் துடித்தா. நான்தான் சத்தியம் வாங்கி வாயைக் கட்டினேன், இதை நானே சொல்ல வேண்டும் என்று. நிலம் மாபிள், யன்னல் எல்லாம் கண்ணாடி, கிணற்றுக்கு மோட்டர், வாசலுக்கு முதிரை மரக் கதவு. எல்லாம் உங்கள் தங்கச்சியின் வாயால் வந்தது. சின்ன வயதில் “இவட வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்” என்பீர்களே! என் உழைப்பு வரத் தொடங்கியதில் இருந்து நீங்கள் அனுப்பிய சல்லியில் ஒரு ரூபாய் தொடவில்லை. உங்கள் பெயரிலேயே பேங்கில் கிடக்கிறது. கலியாணத்துக்கு உங்களுக்கு உதவும்.

ஹுஸ்னியாவும் அவளுடைய வாப்பாவும் போன கிழமை வீடு பார்க்க வந்தார்கள். நான் வெட்கத்தில் குசினிக்குள் அடுப்படியில் ஒளிந்தேன். அவள் பின்னாலேயே வந்து சொன்னாள்: “எனக்கு எப்பவோ தெரியும் றிப்தி. ஸ்டோருக்குள்ள இரிக்கிற ஆளுக்குப் பெருநாள் படத்தில கழுத்து மட்டும் ஏன் அப்பிடிக் கறுத்திரிக்கும்? அவர் வாயால செல்லுவார் எண்டுதான் பாத்திட்டு இரிந்தன்.” அவளுடைய வாப்பா கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு உம்மாவிடம், “தங்கச்சிக்காக வெயில்ல நிண்டவன் எண்ட மகளயும் நிழல்ல வெச்சிரிப்பான். இந்த வருசத்துக்குள்ள நிக்காஹ்வ முடிப்பம்” என்றார். ஆக, காக்கா, அந்தப் பொய்யை நீங்கள் ஒருத்தர்தான் இன்னும் சுமந்துகொண்டு நிற்கிறீர்கள். இறக்கி வையுங்கள்.

வந்து என்ன செய்வது என்று நீங்கள் யோசிப்பது எனக்குக் கேட்கிறது. எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி, கம்பியை ஆர் பார்ப்பது என்பதுதான். எட்வேட் அண்ணனுக்குக் கல்லும் கலவையும் தெரியும், கம்பிக் கணக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒன்பது வருடம் இருபது முப்பது மாடிக்குக் கம்பி கட்டிய ஆள் ஒருத்தரை எனக்குத் தெரியும், அவர்தான் என்னோடு கதைக்கிறார் இல்லை. இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஆள் இல்லாமல் ஏழு வீடு காத்துக் கிடக்கிறது. முகம் காட்ட விருப்பமில்லாவிட்டால் கையை மட்டும் காட்டுங்கள். அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று இந்தக் கரை முழுக்கத் தெரியும்.

ஊர் வழக்கப்படி வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில்தான் எழுதியிருக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் ஹுஸ்னியாவின் வீட்டுக்குக் குடிபோவீர்கள். கட்டிக் கொடுத்த காக்காமார் பிறகு விருந்தாளி போல வாசலில் நின்று கதவு தட்டுகிறதைத் தெருவுக்குத் தெரு பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. முதிரைக் கதவின் பூட்டோடு மூன்று சாவி வந்தது. ஒன்று உம்மாவின் இடுப்பில், ஒன்று என்னிடம். இரண்டு பேரும் இன்னும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. ஹுஸ்னியா வீட்டாரைக்கூடக் குசினிக் கதவால்தான் கூட்டிப் போனோம்.

அல்லாஹ் உங்கள் பாதையை லேசாக்கி, அந்தக் கடதாசியில் உங்கள் பேனை இறங்காமல் காப்பானாக.

உங்கள் சத்தத்துக்குக் காத்திருக்கிற,
வாய்க்காரத் தங்கச்சி,
றிப்தி

தொதலைக் கடிக்காமல் கத்தியால் மெதுவாக வெட்டுங்கள். மூன்றாவது சாவியைத் தாளில் சுற்றி நடுவில் வைத்திருக்கிறேன்.