பேசாத மூன்று கட்டைகள்

ஹெலினா, ஆர்கன்சா
11 மார்ச் 1956

அன்பு மகள் அர்லீனுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். ஓக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கர்த்தர் கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கரை தாங்கும் என்கிறார்கள்.

அப்பாவோடு இரண்டு வருஷம் வாசித்த லெமுவேல், அவருடைய பாட்டைத் தன் பாட்டென்று சிகாகோவில் இசைத்தட்டாகப் போட்டுவிட்டான் அல்லவா, அதை விசாரிக்கக் கம்பெனிக்காரர் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். அப்பாவுக்கு இருந்த ஒரே சாட்சி டூலியின் சாராயக் கடைப் பியானோதான். அதில் மூன்று கட்டைகள் இருபது வருஷமாக ஊமை, அவற்றைத் தாண்டித் தாண்டி வாசித்ததில் பிறந்த பாட்டு அது. அந்தத் தாண்டலைத்தான் சிகாகோவில் புதுப் பாணி என்கிறார்களாம். டூலி என்ன செய்தான் தெரியுமா, பெரிய மனுஷர் வருகிறார் என்று மெம்பிஸிலிருந்து ஆள் வரவழைத்து மூன்றையும் பேசவைத்துவிட்டான், இருந்த சாட்சியும் போயிற்று. "உனக்கு நல்லது பண்ணலாம்னுதாண்ணே" என்று கையைப் பிசைகிறான். கம்பெனிக்காரர் பாட்டைக் கேட்டுவிட்டு, "லெமுவேலும் இப்படித்தான் வாசிக்கிறாரு, நான் யாரை நம்புறது?" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அப்பா மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போன நான் வாசலில் நின்றிருந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் படியை மிதித்ததில்லை. சபையில் பேசினால் பேசட்டும் என்று உள்ளே போய், நம்ம கல்யாணத்துல பாடின பாட்ட வாசிங்க என்றேன். "குடிக்கிற இடத்துல சபைப் பாட்டு கூடாதுன்னு சத்தியம் வாங்கினவளே நீதானேடி" என்று முறைத்தார். நான் வாங்கின சத்தியம்தானே, நானே விட்டுட்டேன் என்றேன்.

வாசித்தார். அதிலும் அதே மூன்று கட்டைகளை விரல் தொடவில்லை. கர்த்தர் பெயர் வருகிற இடத்திலேயே ஓட்டை. தான் அப்படி வாசிப்பது அவருக்கே தெரியாது. கம்பெனிக்காரர் பக்கத்தில் வந்து நின்று இன்னொரு பாட்டு வாசிக்கச் சொன்னார், அதுவும் அப்படியே. "லெமுவேலுக்கு ஒரு பாட்டுதான் இப்படி, உங்களுக்குக் கையே இப்படி" என்று சொல்லி, அப்பாவின் முழுப் பெயரை எழுதிக்கொண்டார். இனி வரும் தட்டில் ஹோசியா டாலிவர் என்றுதான் இருக்கும்.

திரும்பி வந்ததும் அப்பா வீட்டு வாசலில் நின்று, "ஜெயிச்சது சரி, உன் பாட்ட முழுசா வாசிக்க முடியலயேடி" என்றார்.

குழந்தைக்குக் காதில் எண்ணெய் விடாதே, டாக்டரிடம் காட்டு. கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். அப்பாவை எழுதச் சொல்லலாம் என்றால் ஆள் வீட்டில் இல்லை. நாலு நாளாகக் காலையிலேயே டூலி கடைக்குப் போய், அந்த மூன்று கட்டைகளை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறாராம்.

உன் அம்மா,
வர்னெட்டா