என் சதைத் துண்டு எங்கே?

பெரியவனுக்கு அப்பா எழுதுவது.

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கோபத்தில் இருக்கிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தைத் துண்டிக்க முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று அறுவை டாக்டரைப் பார்த்தேன். என் மூத்திரப்பையில் சுரண்டியெடுத்த புற்றுக்கட்டி, பையின் கெட்டிச் சதைக்குள் இறங்கிவிட்டதா, மேலாக ஓடும் மெல்லிய நாரோடு நின்றுவிட்டதா என்று சாதாரணச் சாயத்தில் பிடிபடவில்லையாம். ஆன்டிபாடிச் சாயம் போட்டால் கெட்டிச் சதை மட்டும் பழுப்பாக எடுத்துக் காட்டுமாம். இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே மருந்து செலுத்திச் சமாளிக்கலாம். "அவசரப்பட்டு அறுக்க வேணாங்க, அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். பஸ் ஓட்டிய காலமெல்லாம் டிப்போ வரும்வரை பொறுத்துக்கொண்ட பை அது. அதற்கும் ஒரு நியாயம் கிடைக்கட்டும் என்று பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினேன்.

அங்கிருந்த பெண், "மெழுகுல பதிச்ச துண்டை உங்க பையன் அப்பவே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள். தெரியுமே என்று தலையாட்டி வைத்தேன். பெற்றவனுக்கும் மானம் இருக்கிறதல்லவா? லீவு முடிந்து நீ வேலை செய்யும் வெளிநாட்டுக்குத் திரும்பும்போது, அங்கே சோதிக்கலாமென்று கையோடு கொண்டுபோயிருக்கிறாய். விமானத்தை நான் அண்ணாந்து பார்த்ததோடு சரி. என் சதை என்னை முந்திக்கொண்டு டிக்கெட் இல்லாமல் பறந்திருக்கிறது!

ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டாயா? உன் அம்மாவிடம் கத்தினால், "அவன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான், சும்மா இருங்க" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அடுப்பே பற்றவைக்கவில்லை, பாத்திரம் மட்டும் உருள்கிறது. ஆக, அவளுக்கும் தெரியும். பைக்குச் சொந்தக்காரன்தான் பாக்கி.

எட்டாவதைத் தாண்டாதவன் என்று என்னை ஏய்க்காதே. துண்டு போய் வாரக்கணக்காகிறது. அந்தச் சாயம் போட்டுப் பார்க்கச் சில நாள் போதுமென்று அந்தப் பெண்ணே சொன்னாள். நல்ல சேதியாக இருந்தால் தூக்கத்தில் எழுப்பியாவது சொல்லியிருப்பாய். பரீட்சையில் பெயிலான அன்றைக்கு மட்டும்தான் நீ பின்வாசல் வழியாக வருவாய்.

எந்த முடிவானாலும் எழுது. எடுப்பதா, வைத்திருப்பதா என்று நான் சொல்ல வேண்டும். தாயும் பிள்ளையும் கூடிப் பேசி முடிக்க இது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற விஷயமில்லை.

திட்டியதை மனதில் வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலையாதேடா. என்னிடம் இறக்கிவிடு.

இன்னும் கோபம் தீராத
அப்பா