பூஜை போடாத வண்டி

பூலாம்பாடி,
ஞாயிறு மதியம்.

அன்புத் தங்கை தமிழ்மொழிக்கு,

நம் தெரு வெற்றிச்செல்வி அக்கா எழுதுகிறேன். கோயம்புத்தூரில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் சுகம்தானே? இங்கே உன் அக்கா மகள் பிரவீணா நன்றாக இருக்கிறாள். ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பேச்சில் அப்படியே அவள் அம்மா கொளஞ்சிதான். அவள் அப்பா, உன் மாமா அங்கமுத்துவுக்கு வெங்காயத்தில் இந்த வருஷமும் திருகல் நோய். விசாரித்தால், "பரவால்ல, இருக்கட்டும்" என்கிறார். அவரிடம் எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதி, நாளைக்குப் பெரம்பலூர் போய்க் கூரியரில் போடப் போகிறேன். வெள்ளிக்கிழமை விழாவுக்கு நீ பஸ் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. ஊர்ப் பெண்களே நடத்துகிற சுகாதாரத் திட்டத்துக்கு நிதி கேட்டு இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாயே, அதில் கிடைத்த வண்டி நேற்று வந்துவிட்டது. வெள்ளை வேன். உள்ளே படுக்கை, ஆக்சிஜன் எல்லாம் இருக்கிறது. பக்கவாட்டில் பச்சை எழுத்தில் 'கொளஞ்சி நினைவு வாகனம்' என்று எழுதியிருக்கிறார்கள். நிதி கொடுத்த டிரஸ்ட்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். நீ சாவி போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும். குழுத் தலைவி என்பதால் நான் மைக்கில் கொளஞ்சி செத்த கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது, தமிழு. அதை உன் கையால் எழுத வைத்தவள் நான்.

உங்கள் ஊரில் தடுத்திருக்கக்கூடிய சாவு எது, ஏன் தடுக்க முடியவில்லை என்று ஒரு கேள்வி இருந்ததே. அங்கன்வாடியில் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தோம். எல்லோர் வாயிலும் கொளஞ்சி பெயர்தான் வந்தது. ஏன் என்ற இடத்தில் நான் முந்திக்கொண்டு, "வண்டி இல்ல, அதான்" என்றேன். மற்ற பத்துப் பேரும் பாயைப் பார்த்தபடி இருந்தார்கள். நீ வெளியூரில் இருப்பவள், நம்பி எழுதினாய்.

வண்டி இருந்தது. என் வீட்டு வாசலிலேயே இருந்தது.

கொளஞ்சி செத்ததற்கு முந்தின நாள்தான் என் வீட்டுக்காரர் அறிவழகன் குட்டியானை வாங்கியிருந்தார், வெங்காய மூட்டை ஏற்ற. வீட்டுக்கு ஓட்டி வந்ததோடு மாலை போட்டு நிறுத்திவிட்டோம். சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தானே திறக்கும்? திங்கட்கிழமை ஆத்தா முன்னால் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தில் ஏற்றி இறக்கிய பிறகுதான் பாரம் ஏற்றுவது என்று வைத்திருந்தோம். நம் பக்கம் யார் வண்டி வாங்கினாலும் அப்படித்தானே?

ஞாயிறு மூன்று மணிக்கு உன் மாமா கொளஞ்சியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எட்டாம் மாதம், உதிரம் போய்க்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் உடும்பியம் பக்கம் வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தது, அவர்கள் மேல் குற்றமில்லை. என் வீட்டுக்காரர் சாவியை எடுத்துவிட்டார், "கழுவி விட்டுக்கலாம் புள்ள" என்றுகூடச் சொன்னார். நான்தான் அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். "ஆத்தா பாக்காத வண்டி, அதுல ரத்தம் படலாமா?" என்று கேட்டேன்.

கொளஞ்சி வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சாக்கு விரிச்சுக்கிறேன்க்கா, வண்டியில படாம பாத்துக்கிறேன்" என்றாள். அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. பக்கத்து வீட்டில் முறம் இரவல் கேட்கிற குரல்தான். ஆம்புலன்ஸ் இப்போது வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அது வர ஐம்பது நிமிடம் ஆனது. பெரம்பலூர் போகிற வழியில் எசனை தாண்டும்போது வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

குட்டியானையை மறு வருஷமே விற்றுவிட்டோம். வண்டி போனது, கொளஞ்சி போகவில்லை. ஞாயிறு மூன்று மணியானால் வெறும் வாசலில் பின்கதவுச் சங்கிலி ஆடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. பிரமை என்கிறார் என் வீட்டுக்காரர். ஆனால் அவரும் அந்த நேரத்தில் வீட்டில் தங்குவதில்லை. சாக்கு விரித்து ஒரு படி மிளகாய் காயப் போட என்னால் முடியவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தின்பது இன்னொன்று. டிரஸ்ட்காரர்கள் விசாரிக்க வந்தபோது உன் மாமாவிடமும் கேட்டார்கள், அன்றைக்கு ஊரில் ஒரு வண்டிகூட இல்லையா என்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இல்லைங்க" என்றார். அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தேவலாம்.

நேற்று வேன் வந்ததும் குழுவில் என்ன முடிவு செய்தார்கள் தெரியுமா? வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் பூஜை முடிகிற வரைக்கும் வண்டியை அசைக்கக் கூடாதாம். அன்றைக்குப் பாயைப் பார்த்த அதே பெண்கள்தான். "நடுவுல யாருக்காச்சும் வலி வந்தா?" என்று கேட்டேன். "நல்லது நடக்குறப்ப ஏன்க்கா அபசகுனமா பேசுற?" என்று செயலாளர் முத்தமிழ் என்னை அடக்கிவிட்டாள்.

சாவி என்னிடம் இருக்கிறது. இன்று காலை டிரைவர் ராஜாவைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். படுக்கைக்குக் கீழே ஒரு சாக்கை விரித்தேன். அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். என் வாசலிலிருந்து பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை செல்போனில் நேரம் பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடம். ஆம்புலன்ஸ் நம் தெருவுக்குள் நுழைவதற்கு எட்டு நிமிடம் முன்னாலேயே உன் அக்கா டாக்டர் முன்னால் இருந்திருப்பாள், தமிழு. ராஜா திரும்பிப் பார்த்து, "யாருக்கு என்னாச்சுங்கக்கா, ஏன் அழுவுறீங்க?" என்று கேட்டான். திரும்பி வந்ததும் முத்தமிழ் பிடித்துத் திட்டினாள். திட்டட்டும். பூஜைக்கு முன்னால் அந்த வண்டி ஓடியாகிவிட்டது.

மைக்கில் உண்மையைச் சொன்னால், பொய் எழுதி வாங்கியது என்று வேனைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நம் தெருவில் இப்போது மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சிகள், ஒருத்திக்கு இந்த மாதமே நாள். சொல்லாவிட்டால் கொளஞ்சி பெயர் எழுதிய வண்டி கொளஞ்சியைப் பற்றிய பொய்யில் ஓடும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமும் இல்லை.

நீ நன்றாக இரு, தாயே. நீ பிரசவம் பார்க்கிற ஒவ்வொருத்தியும் பிள்ளையோடு வீடு திரும்பட்டும். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் வெள்ளிக்கிழமை வந்துவிடு. வந்து, முதல் வரிசையில் என் கண்ணுக்கு நேராக உட்கார். நீ அங்கே இல்லாவிட்டால் மைக்கைப் பிடித்து மறுபடியும் 'வண்டி இல்லை' என்றுதான் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
வெற்றிச்செல்வி